கடலின் கையும் மனிதனின் கையும்



சுனாமியையே தாண்டிய காரைக்காலுக்கு ஒருவன் கொடுத்த அடியைத் தாண்டத் தெரியாதா என்ற கேள்வியிலேயே பிழை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் நுழைந்த கடல் ஆள் பார்த்து அடிக்கவில்லை. அந்தத் துக்கம் ஊருக்கே பொது. ஆண்டுதோறும் கூடி அழ ஒரு நாளும் உண்டு. மனிதன் கையால் பட்ட அடியை அப்படிப் பங்கிட ஆளில்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், பேரிடரில் தப்பியவர்களைவிட வன்முறைக்கு, அதிலும் பாலியல் வன்முறைக்கு, ஆளானவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது.

2012 தீபாவளிக்கு ஊருக்கு வந்த இளம் பொறியாளர் வினோதினி மீது நவம்பர் 14 இரவு காரைக்காலில் ஆசிட் வீசப்பட்டது. பார்வை போயிற்று, 2013 பிப்ரவரி 12 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். காதலை மறுத்ததற்காக நடக்கும் இத்தகைய குற்றங்களுக்கு நாளிதழ்கள் வைக்கும் பெயர் ‘ஒருதலைக் காதல்’. தொல்காப்பியத்தைப் புரட்டாதவர்களே இப்படி எழுத முடியும். அங்கே ஒருதலைக் காதலைக் குறிக்கும் கைக்கிளை என்பது மறுமொழி கிடைக்காதவன் தானே பேசி மகிழ்வதோடு நின்றுவிடுகிறது. எதிரில் இருப்பவளைத் தண்டிக்கும் உரிமை அதில் எங்கும் இல்லை. குற்றத்தின் பெயரில் காதலைச் சேர்த்ததும் ‘அவள் என்ன செய்தாளோ’ என்று தெரு கேட்கிறது. தப்பிப் பிழைக்கும் பெண்ணும் இரவெல்லாம் அதையே தன்னிடம் கேட்டுக்கொள்கிறாள். இந்தத் தன்பழிதான் மனச்சோர்வுக்கு உரம்; மருத்துவர்கள் களையப் பார்ப்பதும் இதைத்தான்.

இந்த மன உளைச்சல் நோயின் அறிகுறிப் பட்டியல் பாடநூலில் இருக்கிறது. வீட்டார் கண்ணில் படுவதோ வேறு: பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போகும் பெண், பாதியில் கல்லூரியை விட்ட பையன், கதவு சாத்தும் சத்தத்துக்கே துள்ளி எழுபவர். இதற்குத் ‘திமிர்’ என்றும் ‘சோம்பல்’ என்றும் பெயர். பையன்கள் அடி வாங்கியதைச் சொல்வதே அரிது. பலர் குடியில் புதைக்கிறார்கள். படிப்பும் வேலையும் அமைய வேண்டிய வயதில் இழந்த ஓராண்டு, நாற்பதில் இழந்த ஓராண்டைவிடப் பெரிது.

பலருக்குச் சில வாரங்களில் கலக்கம் தணியும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை வேண்டும். சம்பவம் நடந்த உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைப்பது உதவாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. அதிலும் எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அடிபட்டவரின் விருப்பம். முதல் பேச்சுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.