மன்னாரின் பறவைகளும் கமக்காரரின் கிணறுகளும்

மன்னார்ப் பகுதியிற் காலபோக நெற்பயிர் வளருங் காலத்திலேயே வடநாட்டுப் பறவைகள் வந்து சேருகின்றன. வங்காலைக் கரையோரத்து ஆழங்குறைந்த நீரிலும் உவர்ச்சேற்றிலும் வாத்தினங்கள், உள்ளான்கள், பூநாரைகள் ஆகியன மார்ச்சு மாதம்வரை இரைதேடுகின்றன. இவ்விடம் 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இவற்றைக் காணத் தூரதேசத்தாரும் வருகின்றனர். அவர் செலவிடும் பணத்திற் கமக்காரருக்கும் பங்குண்டாதல் எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

பறவை பயிருக்குப் பகையென எண்ணுவோர் வேடந்தாங்கலை நோக்குக. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள அவ்வூரார், ஏரியிற் கூடுகட்டும் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். எச்சங் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்குமாறு ஆட்சியாளரிடம் முறையிட்டு, அதற்கான பத்திரமும் பெற்றனர்.

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கும் இது பொருந்தும். வயலின் வடிநீர் தாழ்ந்த கரையோரத்தையே நாடும். ஆதலால் கிருமிநாசினி தெளித்தவுடன் வரம்பைத் திறத்தலும், தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுதலும் கூடா.

இனி, தீவிலுள்ள தோட்டக்காரர் மிகக் கவனிக்கவேண்டியது நிலத்தடி நீராகும். மாரியில் மணலூடே ஊறிய நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதந்து நிற்கின்றது. பெரிய விடுதியொன்று குழாய்க்கிணறு அமைத்து இரவுபகலாக யந்திரத்தால் இறைப்பின், கீழுள்ள உவர்நீர் மேலெழும். அயலிலுள்ள கத்தரித் தோட்டத்துக் கிணறும் கெடும். அக்கிணற்றை நம்பியவருக்கு விடுதியிற் கிடைக்கும் கூலிவேலை ஈடாகாது. எனவே விடுதிக்கு நிலங் குத்தகைக்குக் கொடுப்போர், மழைநீரைத் தொட்டியிற் சேர்த்தல், இறைக்கும் அளவை வரையறுத்தல் ஆகியவற்றை உறுதியில் எழுதுவித்தல் வேண்டும். நிலத்தை விற்றுவிடின் இவ்வுரிமை இல்லை.

வீட்டில் ஓரிரு அறைகளை ஒதுக்கி, தம் வயலரிசிச் சோறும் தோட்டக் கறியும் அளித்தல் சிறந்த வழியென்பது எம் கருத்து. ஒடியற்கூழ், பனாட்டு முதலியவற்றையும் விருந்தினர் விரும்புவர். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்த்துப் படம்பிடித்து, ஒரு சதமுஞ் செலவிடாது திரும்புவோரை மறிக்க வேறு உபாயம் யாதுளது?

வழிகாட்டும் இளைஞர், கூட்டத்தைக் கலைத்துப் பறக்கச் செய்து காட்டும் வழக்கத்தை விடுதல் வேண்டும். நீண்ட பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பு அதனால் வீணாகும். ஓயாது கலைக்கப்படும் பறவை அவ்விடத்தை விட்டகலும்.

காலபோக விதைப்புக்குமுன் கமக்காரர் கூடும்போது, நீர்ப்பங்கீட்டுடன் கிணறுகளின் நிலையையும் பேசுக. கோடையிற் கிணற்றுநீரின் உவர்ப்பை மாதந்தோறும் சோதித்துக் குறித்து வைப்பின், எக்கிணறு எப்பொழுது கெடத் தொடங்கியது என்பதற்குச் சான்றாகும்.