ஹிமாலயன் 450: ஓட்டிப் பார்த்ததும் கணக்குப் போட்டதும்



'அட்வென்ச்சர் பைக்' என்பதை 'சாகச வண்டி' என்று மொழிபெயர்த்தால் மரணக்கிணறு சர்க்கஸ் ஞாபகம்தான் வருகிறது. ஆகவே அட்வென்ச்சர் வண்டி என்றே எழுதுகிறேன். தார் ரோட்டிலும் ஓட வேண்டும், ரோடே இல்லாத இடத்திலும் ஓட வேண்டும், மூட்டை முடிச்சோடு நாள் முழுக்க ஓட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வண்டி செய்தால் அதுதான் அட்வென்ச்சர் வண்டி. 1980-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 'ஆர் 80 ஜி/எஸ்' என்ற வண்டியை வெளியிட்டபோது இந்த வகை பெரிய அளவில் தொடங்கியது எனலாம். அதில் 'ஜி' என்பது கரடுமுரடான நிலம், 'எஸ்' என்பது சாலை. மறு வருஷமே, 1981-ல், பாரிஸ்–டாக்கார் பாலைவனப் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ஊபேர் ஓரியோல் அந்த வகை வண்டியில் ஜெயித்தார்.

நான் ஓட்டியது அது இல்லை. நம்ம ஊர் சரக்கு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் வண்டி செய்து பழகிய கம்பெனிதான் இது. இப்போது ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. முதல் ஹிமாலயன் 2016-ல் வந்தது, 411 சி.சி. அதை மாற்றிவிட்டு முழுக்கப் புது என்ஜினோடு 2023 நவம்பரில் வந்தது இந்த 450. அறிமுக விலை 2 லட்சத்து 69 ஆயிரம். வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பணத்துக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எடுத்துவிடுவார்கள். தெர்மல் என்ஜினியரிங்கும் மெக்கானிக்ஸும் பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்த நாள் அது. அதற்காகவே எழுதுகிறேன்.

2024 டிசம்பரில், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, ஷோரூமில் கேட்டேன். கியர் வண்டிக்கு 18 வயசு முடிஞ்சிருக்கணும், லைசென்ஸ் காட்டணும், ஹெல்மெட் போடணும். ஷூவும் போட்டுட்டு வாங்க தம்பி என்றார் ஷோரூம் அண்ணன். அவர் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தார். நான்கு வழிச்சாலையின் சர்வீஸ் ரோடு, அதை ஒட்டிக் கண்மாய்க்கரை மண் பாதை கொஞ்சம். மொத்தம் ஆறு ஏழு கிலோமீட்டர் இருக்கும்.

ஏறி உட்கார்வதே முதல் பாடம்

சீட் உயரம் 825 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தரை அடிக்கும் கொஞ்சம் கம்மி. இரண்டு கால் விரலும் தரையைத் தொட்டன, குதிகால் தொடவில்லை. இப்படி இரண்டு பக்கமும் நுனிக்காலில் நிற்பதைவிட, சீட்டில் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து ஒரு காலை முழுசாக ஊன்றி நிற்பது நல்லது என்று அண்ணன் சொன்னார். ஏன் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

வண்டி எடை 196 கிலோ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், நாம் ஹேண்டில்பாரை 110 செ.மீ. உயரத்தில் பிடிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். (இந்த இரண்டும் என் உத்தேசம். வண்டிப் புத்தகத்தில் இருக்காது.) வண்டி 10 டிகிரி சாய்ந்தால் அதைத் தாங்க ஹேண்டில்பாரில் தேவைப்படும் விசை சுமார் 17 கிலோ. அதாவது நிறை குடம் ஒன்று. 25 டிகிரி சாய்ந்தால் 41 கிலோ. கிட்டத்தட்ட சிமெண்ட் மூட்டை. சைன் தீட்டா என்று போர்டில் எழுதும்போது தூக்கம் வரும். நின்ற இடத்தில் பெரிய வண்டி சாயும்போது அதே சைன் தீட்டா நம் இடுப்பில் வந்து உட்காரும். 5 டிகிரியிலேயே பிடித்துவிட்டால் ஒன்றுமில்லை, 25-க்குப் போக விட்டால் யாராலும் முடியாது. ஒரு கால் பலமாக ஊன்றியிருந்தால்தான் 5 டிகிரியில் பிடிக்க முடியும். விஷயம் அவ்வளவுதான்.

கிளம்பின பிறகு அந்த 196 கிலோ எங்கே போனதென்றே தெரியவில்லை. மெதுவாக வளைக்கும்போது மட்டும் தன் இருப்பைக் காட்டுகிறது.

என்ஜின்: குட்டை ஸ்ட்ரோக், கூடுதல் சுற்று

பழைய 411-ன் போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 86 மி.மீ. அதாவது லாங் ஸ்ட்ரோக். புதியதில் போர் 84, ஸ்ட்ரோக் 81.5. பையின் கீழ் நாலு, டி ஸ்கொயர், எல் என்று போட்டால் 451.65 சி.சி. வரும். கம்பெனி சொல்லும் 452 சரிதான். போர் பெரிதானால் வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம், காற்று தாராளமாக உள்ளே போகும். ஸ்ட்ரோக் சிறிதானால் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் குறையும், எனவே சுற்றை ஏற்றலாம். 8000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 21.7 மீட்டர். பழைய என்ஜின் 6500-ல் 18.6 மீட்டர்.

அந்த 8000-ல்தான் அதிகபட்ச சக்தி, 40 குதிரைத்திறன். அதிகபட்ச டார்க் 40 நியூட்டன் மீட்டர், 5500-ல். இரண்டும் 40 என்று இருப்பதால் நம் பசங்க குழப்பிக் கொள்கிறார்கள். 5500-ல் 2 பை என் டி பை 60 போட்டுப் பாருங்கள். 23 கிலோவாட், அதாவது சுமார் 31 குதிரைத்திறன் வரும். 8000-ல் இருக்கும் 40 குதிரைத்திறனைத் திருப்பிப் போட்டால் டார்க் 35 நியூட்டன் மீட்டராகக் குறைந்திருக்கும். டார்க் குறையுது, ஆனா சுற்று அதைவிட வேகமா கூடுது, அதனால சக்தி ஏறுது. இதை நான் மூன்று தடவை புத்தகத்தில் படித்திருக்கிறேன். மூன்றாவது கியரில் சர்வீஸ் ரோட்டில் திருகியபோது நாலாவது தடவை படித்தேன். மூவாயிரத்துக்குக் கீழே சாதுவாக இருந்த வண்டி ஐயாயிரத்தை நெருங்கும்போது முதுகைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இழுத்தது. ஏழாயிரத்தில் அந்தத் தள்ளல் குறைந்தாலும் ஓட்டம் குறையவில்லை.

கம்ப்ரஷன் ரேஷியோவையும் பார்க்கணும். பழையதில் 9.5, புதியதில் 11.5. ஆட்டோ சைக்கிள் சூத்திரத்தில் காமா 1.4 வைத்தால் ஏட்டளவிலான திறன் 59 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாகிறது. நிஜ என்ஜினில் இதில் பாதி வந்தாலே பெரிய விஷயம், ஆனால் திசை சரி. அழுத்தம் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் நாக்கிங் வரும். அதனால்தான் காற்றிலும் எண்ணெயிலும் குளிர்ந்த பழைய என்ஜினுக்குப் பதில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் என்று தண்ணீர்க் குளிர்ச்சி வந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக மாறுகிறது. டிசைன் என்பது இதுதான் போலும்.

மண் பாதையில் சக்கரமும் பிரேக்கும்

முன் சக்கரம் 21 அங்குலம், பின்னால் 17. முன்னால் ஏன் அவ்வளவு பெரிசு? டயரோடு சேர்த்து அதன் ஆரம் சுமார் 348 மி.மீ. சாதாரண 17 அங்குலச் சக்கரத்துக்கு 296 என்று வைத்துக்கொள்ளலாம். பத்து சென்டிமீட்டர் உயரக் கல்லில் மோதும்போது முதல் சக்கரம் 45 டிகிரியிலும், இரண்டாவது 49 டிகிரியிலும் கல்லைத் தொடும். நாலு டிகிரிதானே என்று தோன்றும். ஒவ்வொரு கல்லுக்கும் நாலு டிகிரி என்றால் கண்மாய்க்கரை முழுவதற்கும் எத்தனை என்று மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும். முன்னும் பின்னும் 200 மி.மீ. ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். நின்றுகொண்டு, முழங்காலைத் தளர்த்தி, டேங்கை லேசாகக் கவ்வி ஓட்டச் சொன்னார் அண்ணன். நின்றதும் பள்ளங்கள் வண்டிக்கு மட்டும் சொந்தமாகிவிட்டன.

பிரேக் விஷயத்தைத்தான் எல்லோரும் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் காலேஜ் வாசலில் 'முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவே' என்று சொல்லும் சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது? நானும் வண்டியும் சேர்ந்து 254 கிலோ. வீல்பேஸ் 1510 மி.மீ. மையத்தின் உயரம் 70 செ.மீ. என்றும், நிற்கும்போது பாரம் முன்பின் சமம் என்றும் கொள்வோம். நல்ல தார் ரோட்டில் 0.7 ஜி அளவுக்கு பிரேக் பிடித்தால் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்குச் சுமார் 82 கிலோ பாரம் மாறுகிறது. முன்னால் 209, பின்னால் 45. பின் சக்கரம் கிட்டத்தட்ட மிதக்கிறது. அதைக் கொண்டு வண்டியை எப்படி நிறுத்துவது? நிறுத்துவது முன் பிரேக்தான். விழ வைப்பது அதை வெடுக்கென்று பிடிக்கும் கை. முதலில் லேசாகப் பிடித்து, பாரம் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு அழுத்த வேண்டும்.

அதே 0.7 ஜி-யில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 20 மீட்டர் ஆகும். கண் பார்த்து கை அசைய ஒரு விநாடி வைத்தால் இன்னொரு 17 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் இது மொத்தம் 58 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. இதை ஒவ்வொருவரும் ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்க்கலாம்.

இந்த வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உண்டு. பின் சக்கரத்துக்கு மட்டும் வேண்டுமானால் அணைக்கலாம். அணைக்க எதற்கு வசதி என்று முதலில் எனக்கும் புரியவில்லை. உதிரி மண்ணில் சக்கரம் உருண்டுகொண்டே இருந்தால் பிடிப்பு குறைவாகத்தான் கிடைக்கும். பூட்டி நின்றால் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதையே தடையாக்கிக்கொள்ளும். பின் சக்கரம் சறுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் சறுக்கினால் அவ்வளவுதான். அதனால் முன்பக்கத்தை அணைக்க விடுவதில்லை. நான் அணைத்துப் பார்க்கவில்லை. முதல் நாள் அது தேவையில்லை.

கேபிள் இல்லாத ஆக்ஸிலேட்டர்

எங்க மாமா இருபது வருஷமாக டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். நான் ஸ்பேனர் பிடித்துப் பழகியது அங்கேதான். சத்தத்தைக் கேட்டே ஏர் ஸ்குரூவை எத்தனை சுற்று திருப்பணும் என்று சொல்வார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய்விட்டது. அந்தக் காதுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஓட்டிவிட்டு வந்து இந்த வண்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கேபிள் இல்லாம எப்படிடா திராட்டில் திறக்கும்?" என்பதுதான். கைப்பிடியில் ஒரு சென்சார், அது ஈ.சி.யு.வுக்குச் சொல்லும், ஈ.சி.யு. ஒரு சின்ன மோட்டாரிடம் திறக்கச் சொல்லும் என்றேன். "அப்ப நாம திருகுறது விண்ணப்பம் மாதிரி, அது சாங்ஷன் பண்ணணும்" என்றார். எக்கோ, பெர்ஃபாமன்ஸ் என்று இரண்டு மோட் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. ஒரே திருகலுக்கு ஒரு மோடில் நிதானமாகவும் மற்றதில் தாராளமாகவும் சாங்ஷன் கிடைக்கிறது.

"இதை நம்ம கடையில இறக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. யோசித்துச் சொன்னேன். செயின், பிரேக் பேட், வீல் பேரிங், ஸ்போக் இழுப்பது, ஃபோர்க் ஆயில், கூலன்ட் மாற்றுவது எல்லாம் அவர் கைக்கு எட்டும் வேலை. என்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் ஸ்கேனர் வேணும். அதைவிட, ஸ்கேனர் காட்டும் கோடு எந்த சென்சாரைச் சொல்கிறது, அந்த சென்சார் கெட்டதா அல்லது அதற்குப் போகும் ஒயர் கெட்டதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியணும். இரண்டாவதுதான் கஷ்டம். அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்தான், ஏனென்றால் மாமா மாதிரி ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கப் போவதில்லை. நம் லேபில் கட் செக்‌ஷனாக இருப்பதோ இன்னும் கார்புரேட்டர்தான்.

ஆகவே நாங்கள் மூன்று பேர் சேர்ந்து காயலான் கடையில் ஒரு பழைய திராட்டில் பாடியை விலைக்கு வாங்கியிருக்கிறோம். ஐந்து வோல்ட் கொடுத்து சென்சாரை அளந்தோம். மூடியிருக்கும்போது 0.6 வோல்ட், முழுசாகத் திறந்தால் 4.4. நடுவில் எங்காவது முள் துள்ளினால் அந்த இடத்தில் சென்சார் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் கால்வாசி திறப்பில் துள்ளுகிறது. துறைத்தலைவர் ஆட்டோ லேபில் ஒரு மேஜை ஒதுக்கியிருக்கிறார். சனிக்கிழமை மதியம் வரலாம், எந்தப் பிரிவு மாணவரும் வரலாம். மல்டிமீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவரவும்.