சத்தம் காகிதத்தில் ஏறட்டும்

முதல் கார் வாங்கிய பிள்ளைகளுக்கு

எங்கள் தாமலில் இப்போது தெருவுக்கு இரண்டு கார் நிற்கிறது. ஊரை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. கிழக்கே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று கார் செய்கிற ஆலைகள். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் தவணையில் கார் எடுக்கிறார்கள். சிலர் மஞ்சள் போர்டு போட்டு ஓட்டிப் பிழைக்கிறார்கள். வாங்கி வருஷம் திரும்பாத வண்டியில் கிளட்ச் சத்தம் போடுகிறது என்று அடிக்கடி யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். முப்பது வருஷம் ரோட்டோரம் பட்டறை வைத்திருந்தவன் நான். வருகிறவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் காது கேட்கட்டும். காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்தவருக்கு நாடா ஓடுகிற ஓசை கொஞ்சம் மாறினாலும் கை தானாக நின்றுவிடும். வண்டி ஓட்டுகிறவருக்கும் அந்தக் காது வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். பாட்டையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது சத்தமில்லை, மிதித்ததும் ‘கிர்ர்’ என்று வருகிறது என்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது சத்தம் இருக்கிறது, மிதித்ததும் அடங்குகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்தாலும் ‘கிரீச்’ என்றால் பெடல் மூட்டிலோ ஃபோர்க்கிலோ கிரீஸ் காய்ந்திருக்கலாம். அது சின்ன வேலை. முதல் கியரில் நகரும்போது வண்டியே உதறினால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், இன்ஜின் மவுன்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் தெரியட்டும்.

2. உங்கள் காலையும் சோதியுங்கள். சர்வீஸ் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது பெடலில் பாதம் இளைப்பாறிக்கொண்டே இருக்கிறதா? ஏரிக்கரை ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிறீர்களா? அப்படியானால் பிளேட் தேயும், பேரிங் ஓய்வில்லாமல் சுழலும். கம்பெனிக்காரன் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். தப்பு நம்மிடம் இருந்தால் இன்றே திருத்திக்கொள்ள வேண்டும்.

3. வாரண்டி புத்தகத்தைப் படியுங்கள். ‘எத்தனை ஆண்டு அல்லது எத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது’ என்கிற வரியைப் பாருங்கள். பிறகு தேயும் பொருள்கள் என்று விலக்கி வைத்த பட்டியலைப் பாருங்கள். பிரேக் பேட், வைப்பர் வரிசையில் கிளட்ச் பிளேட்டும் வழக்கமாக இருக்கும். ரிலீஸ் பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் ‘கிளட்ச் எதுவுமே வாரண்டியில் வராது’ என்று கவுண்டரில் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக் கை வைக்க வேண்டாம். நானே பட்டறைக்காரன், என் மருமகன் வண்டியிலும் அந்த நாளில் ஸ்பானர் வைக்கமாட்டேன். ஒரு போல்ட் கழன்ற தடம் இருந்தாலும் ‘வெளியில் பிரித்திருக்கிறீர்கள்’ என்று கதவைச் சாத்த அது போதும்.

5. இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: வண்டியை சர்வீஸுக்கு விடும்போது நம் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஜாப் கார்டு. என் மகள் வாங்கிய காரில் பத்து மாதத்தில் ரிலீஸ் பேரிங் கத்தத் தொடங்கியது. மூன்று முறை கொண்டுபோய் விட்டோம். மூன்று முறையும் சர்வீஸ் அட்வைசர் மரியாதையாகக் கேட்டார், ‘பார்த்துடலாம் சார்’ என்றார். நாங்களும் நம்பிக் கையெழுத்துப் போட்டோம். வாரண்டி முடிந்த மாதம் சத்தம் பெரிதானது. பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ‘ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்’. கிளட்ச் என்ற சொல்லே இல்லை. ‘இதுதானே சார் உங்க முதல் கம்ப்ளெயின்ட்’ என்றார்கள். கைக்காசு போட்டுத்தான் மாற்றினோம். அந்தப் பேரிங்கின் சத்தத்தை முதல் நாளே கண்டுபிடித்த எனக்கு, அந்தக் காகிதத்தைப் படிக்கத் தோன்றவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்.

ஆகவே உங்கள் புகார் உங்கள் சொல்லிலேயே அதில் ஏற வேண்டும்: ‘நியூட்ரலில் கிளட்ச் மிதித்தால் கிர்ர் சத்தம், சூடான பிறகு அதிகம்.’ தேதி, கிலோமீட்டர் இருக்க வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்து, கையோடு நகல். வண்டியை எடுக்கும்போது ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தால் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். சத்தம் போகவில்லையென்றால் ‘சத்தம் நீங்கவில்லை’ என்று அதே தாளில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

6. ‘இந்த மாடலே அப்படித்தான் சார்’ என்பார்கள். சில சமயம் அது உண்மை. பல கியர்பாக்ஸ் நியூட்ரலில் லேசாக முணுமுணுக்கும், அது கோளாறு ஆகாது. அங்கே நிற்கும் அதே மாடல் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் கேட்கலாமா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

7. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், தேய்மானம் என்று முடிவானால் கூலி யார் தலையில், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இறக்கும்போது கூட இருக்க அனுமதி கேளுங்கள், படம் எடுங்கள். பிரஷர் பிளேட்டில் நீலம் பூத்த திட்டுகளும் கருகிய வாசனையும் இருந்தால் சூட்டில் தேய்ந்தது என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரம் உண்டு. பிளேட்டில் ரிவெட்டுக்கு மேல் நல்ல கனம் இருந்து, பேரிங்கை மட்டும் விரலில் சுழற்றினால் கரகரக்கிறது என்றால், குற்றம் உங்கள் காலில் இல்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பாருங்கள். தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் வாங்குங்கள்.

8. புது வண்டியே கொடு என்று சண்டை பிடிக்காதீர்கள். பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியின் கடமை, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று மாருதி நிறுவனம் மேல்முறையீடு செய்த ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டால் கிடைக்க வழி உண்டு.

9. மூன்று தடவை போயும் தீரவில்லையா? கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஜாப் கார்டு நகல்களோடு மின்னஞ்சலும் ஒப்புகையோடு தபாலும் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கோளாறைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே ஆய்வுக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. மஞ்சள் போர்டு பிள்ளைகள் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகவே வாங்கிய வண்டி என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் நுகர்வோர்தான். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

10. இன்றைக்குச் சாயங்காலம் வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து வாரண்டி புத்தகத்தை எடுங்கள். முடிகிற தேதியை ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், சத்தம் சின்னதாக இருந்தாலும் ஒரு தடவை கொண்டுபோய் ஜாப் கார்டில் ஏற்றிவிட்டு வாருங்கள்.