புடவைக் கடையில் ஒரு முக்காலி

பெண்கள் புடவை எடுப்பதைப் பற்றி நகைச்சுவைத் துணுக்குகள் ஏராளம். மனைவி நாற்பது புடவை பார்ப்பார். கணவர் கொட்டாவி விடுவார். அந்த நாற்பதையும் எடுத்துப் போடுகிறவர் எந்தத் துணுக்கிலும் வருவதில்லை. வணிகவியல் பயிலும் மாணவி என்ற முறையில் அவரைப் பற்றியே எழுத விழைகிறேன்.

பழைய ஜவுளிக் கடைகளில் தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். வாங்குபவர் அமர்வார், விற்பவரும் எதிரே அமர்வார். பட்டுப் பிரிவில் இவ்வழக்கம் இன்றும் சில கடைகளில் உண்டு. கண்ணாடி மேசைகளும் பல மாடிக் கட்டடங்களும் வந்தபின் வாங்குபவருக்கு நாற்காலி கிடைத்தது; விற்பவர் எழுந்து நின்றார். ஐந்தரை மீட்டர்ப் புடவையை விரித்து, முந்தியைக் காட்டி, கரை பிசகாமல் திரும்ப மடிக்க வேண்டும். நாம் "பார்டர் இன்னும் சின்னதாக" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது விரிந்துவிடும்! 'அங்காடித் தெரு' (2010) திரைப்படம் பார்த்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்பது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. சில்லறைக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் எனப் பிரிட்டனில் 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். கேரளத்தில், கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாக 2018-இல் கடைச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இது ஆண், பெண் இருபாலார்க்கும் பொது.

பிரிவின் கருத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இருக்கை வசதி செய்வது உரிமையாளர் கடமை. வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது பணியாளர் அமரலாம். வாய்ப்பு நேர்ந்ததா என்பதை யார் முடிவு செய்வது? என் ஐயம் இங்கேதான்.

சென்ற தீபாவளிக்கு அம்மாவுடன் சென்ற கடையில் முக்காலி இருந்தது. அதன்மேல் மடிக்காத புடவைகள் குவிந்திருந்தன. "கொஞ்சம் உட்காருங்களேன், அக்கா" என்றேன்.

"கஸ்டமர் இருக்கறப்ப எப்படிம்மா உட்கார்றது? மேலே கேமரா இருக்கு" என்றார், கைகள் ஓயாமலே.

வாடிக்கையாளர் இல்லாத நேரம் தீபாவளிக் கடையில் ஏது? சட்டம் எழுதியவர்கள் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் ஜவுளிக் கடைக்குப் போயிருக்கலாம்.

அம்மா நிறத்தையும் விலையையும் முதலிலேயே சொல்லிவிட்டதால் ஏழாவது புடவையில் முடிவாயிற்று. திரும்ப மடிக்க வேண்டியவை ஆறே.