அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யார்? – ஒரு மார்க் கேள்விக்கு ஒரு விசாரணை

தலைப்பைப் பார்த்ததுமே "கொலம்பஸ், 1492" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு, கொஞ்சம் நின்று படியுங்கள்.

★ வரலாற்று ஆசிரியரின் வேலை என்ன?

ஊரில் வரப்புத் தகராறு வந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பக்கமும் கேட்பார்கள். பத்திரம், பட்டா கொண்டு வரச் சொல்வார்கள். கல் நட்ட இடத்துக்கே நடந்து போய்ப் பார்ப்பார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னா ஊர் ஏத்துக்குமா?

வரலாற்று ஆசிரியர் செய்வதும் இதே வேலைதான். சாட்சியை அவர்கள் 'சான்று' என்கிறார்கள். எழுதி வைத்த ஏடு, மண்ணுக்குள் கிடக்கிற பொருள், மக்கள் பேசுகிற சொல் எல்லாமே சான்றுதான். ஒவ்வொரு சான்றிடமும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

1. இதைச் சொன்னது யார்?
2. எப்போது சொன்னார்? நடந்த உடனேயா, ரொம்ப நாள் கழித்தா?
3. யாருக்குச் சொன்னார்? அதனால் அவருக்கு என்ன லாபம்?
4. இதில் யாருடைய குரல் இல்லை?

இந்த நாலு கேள்வியையும் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கண்டங்களுக்குப் போவோம், வாங்க.

★ முதல் சாட்சி: கொலம்பஸின் நாட்குறிப்பு

கொலம்பஸ் 1492 ஆகஸ்ட் 3-ல் ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்களோடு கிளம்பினார். ஆசியாவுக்கு மேற்கு வழியாகப் போய்ச் சேரணும் என்பது அவர் திட்டம். அக்டோபர் 12-ல் இன்றைய பகாமாஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கினார். அந்த ஊர் மக்கள் அந்தத் தீவைக் குவானஹானி என்று அழைத்தார்கள். அவர் 'சான் சல்வடோர்' என்று புதுப்பெயர் வைத்து, ஸ்பெயின் அரசர் அரசிக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார். இந்தியப் பகுதிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்ததால், அங்கே இருந்தவர்களை 'இந்தியர்' என்றார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதிய நாட்குறிப்பால் தெரியும். ஆனால் அந்த மூலப் பிரதி தொலைந்து போய்விட்டது. லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் பிறகு சுருக்கி எழுதி வைத்த படிதான் இன்று இருக்கிறது. இரண்டாம் கேள்வி எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

மூன்றாம் கேள்வியையும் கேளுங்கள். செலவு செய்து அனுப்பிய அரசரும் அரசியும் படிக்கப் போகிற குறிப்பு அது. அதனால் தங்கம் எங்கே கிடைக்கும் என்று அடிக்கடி வருகிறது. ஐம்பது ஆள் இருந்தால் போதும், இந்த மக்களை அடக்கிவிடலாம் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. நாலாம் கேள்விக்கு வந்தால் மனசு கஷ்டமாகிவிடுகிறது. கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்த்த மக்கள் எழுதியது ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அடிமைகளாகப் பிடித்துப் போனதாலும் நோயாலும், முப்பது நாற்பது வருடத்துக்குள் அந்தத் தீவுகளில் ஏறக்குறைய ஆளே இல்லாமல் போய்விட்டது.

★ இரண்டாம் சாட்சி: மண்ணும் மரமும்

ஏடு இல்லாவிட்டால் மண் பேசும். கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில், லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில், 1960-களில் தோண்டிப் பார்த்தபோது வைக்கிங் மக்கள் கட்டிய வீடுகளின் அடித்தளம் கிடைத்தது. அங்கே இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளும் இருந்தன. கி.பி. 993-ல் விண்வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு உலகத்து மரங்களின் வளையத்தில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணினால் 28 வளையம். ஒரு வளையம் ஒரு வருடம். ஆக, வெட்டிய ஆண்டு 1021! இந்தக் கணக்கு 2021-ல் வெளிவந்தது. அதாவது கொலம்பஸுக்கு 471 ஆண்டு முன்பே ஐரோப்பியர் அங்கே வந்து மரம் வெட்டியிருக்கிறார்கள்.

அப்போ வைக்கிங்தான் முதலா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பழைய ஏரிக்கரைச் சேற்றில் மனிதக் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று 2021-ல் அறிவித்தார்கள். தடத்தோடு கிடைத்த நீர்ச்செடி விதைகளை வைத்துக் கணக்குப் போட்டது சரியில்லை என்று சிலர் மறுத்தார்கள். உடனே ஆய்வாளர்கள் மகரந்தத்தையும் மணலையும் வைத்து வேறு முறையில் சோதித்தார்கள். 2023-ல் அதே விடைதான் வந்தது. அந்தத் தடங்களில் நிறைய, சிறுவர் சிறுமியருடையவையும் நம்ம வயசுப் பிள்ளைகளுடையவையும். எந்தப் புத்தகமும் அவர்கள் பெயரை எழுதவில்லை, சேறு எழுதி வைத்திருக்கிறது.

★ மூன்றாம் சாட்சி: இரண்டு பக்கமும் பேசும் மெக்சிகோ

அஸ்டெக் மக்களின் தலைநகர் டெனோச்டிட்லான். இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் இருக்கிறது. கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியர் 1519-ல் கரை இறங்கினார். 1521 ஆகஸ்ட் 13-ல் அந்த நகரம் வீழ்ந்தது. இடையில் அரசர் மொக்டெசுமா இறந்தார். எப்படி இறந்தார்?

ஸ்பானியர் தரப்பு: சொந்த மக்கள் எறிந்த கல் பட்டு இறந்தார்.
ஊர் மக்கள் தரப்புப் பதிவுகள் சில: ஸ்பானியர்களே கொன்றுவிட்டார்கள்.

யாரை நம்புவது? கோர்ட்டெஸ் கியூபா ஆளுநரின் பேச்சை மீறிப் போனவர். அரசரிடம் நல்ல பெயர் வாங்காவிட்டால் தண்டனைதான். அந்த நிலைமையில் எழுதிய கடிதங்கள் அவருடையவை. மறுபக்கத்தில், சகாகுன் என்ற பாதிரியார் ஊர்ப் பெரியவர்களிடமும் நாவாட்ல் மொழி பேசும் மாணவர்களிடமும் கேட்டு, 12 பகுதிகள் கொண்ட பெரிய நூல் தொகுத்தார். ஒரு பத்தியில் ஸ்பானியம், பக்கத்திலேயே நாவாட்ல், கூடவே படங்கள். ஆனால் அதுவும் சண்டை முடிந்து பல பத்து ஆண்டு கழித்து, ஒரு பாதிரியாரின் மேற்பார்வையில் எழுதியது. பாவம் என்பதற்காக ஒரு சாட்சியை விட்டுவிடக் கூடாது, நாலு கேள்வியும் எல்லாருக்கும் உண்டு.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுக்கதை தெரிகிறது. கோர்ட்டெஸின் வீரம் மட்டும் அந்த நகரத்தை வீழ்த்தவில்லை. அஸ்டெக்குகளை வெறுத்த ட்லாக்ஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் கூட நின்றார்கள். 1520-ல் பெரியம்மை வந்து ஊரையே படுக்க வைத்தது.

★ நாலாம் சாட்சி: நெருப்பில் போட்ட ஏடுகள்

மாயா மக்களுக்கு எழுத்தும் புத்தகமும் இருந்தன. 1562-ல் மானி என்ற ஊரில் லாண்டா என்ற பாதிரியார் அவற்றைக் குவித்து எரித்தார். இன்று உலகம் முழுவதும் மிஞ்சியிருப்பது நான்கே நான்கு மாயா ஏடுகள். எரித்த அதே லாண்டா, மாயா எழுத்துக்களைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் 1952-ல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசோவ் மாயா எழுத்தைப் படிக்க வழி கண்டார். அழித்தவர் கையாலேயே ஒரு சாவி மிஞ்சியது!

★ 'கண்டுபிடித்தார்' என்ற ஒரு சொல்

"ஒரு சொல்லில் என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். 1823-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நில வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கண்டுபிடித்த ஐரோப்பிய நாட்டுக்கே நிலத்தின் உரிமை, பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும்தான் என்றது. ஆயிரமாயிரம் வருடம் வாழ்ந்தவர்களுக்குப் பட்டா இல்லை, கப்பலில் வந்தவர்களுக்குப் பட்டா! இந்தக் கண்டுபிடிப்புக் கொள்கையை ஏற்கவில்லை என்று போப்பாண்டவரின் வத்திக்கான் 2023-ல்தான் அறிவித்தது. வரலாற்றில் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் ஒரு ஜனத்தின் நிலமே போய்விடும் தோழிகளே!

★ நம் வீட்டில் இருக்கும் சாட்சி

மிளகைத் தேடிப் போன கொலம்பஸுக்குக் கிடைத்தது மிளகாய். அங்கே அதற்கு 'அஹி' என்று பெயர். அது மிளகைவிட உசத்தி என்று அவர் குறிப்பில் இருக்கிறது. மிளகு போல உறைத்த அந்தக் காய், கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது 'மிளகாய்' ஆனது.

மின்சாரம் போனால் பாட்டி ஏற்றுகிற அரிக்கேன் விளக்கு இருக்கிறதல்லவா? 'ஹரிகேன்' என்றால் புயல். காற்றிலும் அணையாத விளக்கு என்பதால் அந்தப் பெயர். அந்தச் சொல்லே கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடையது. குவானஹானி கரையில் நின்றவர்களும் அந்த மக்களின் உறவினர்தான். ஏட்டில் ஒரு வரியும் இல்லாத அவர்களின் சொல், நம்ம வீட்டுத் தூணில் ஆணியில் தொங்குகிறது.

★ தீர்ப்பு

என் பதில் இதுதான்: அமெரிக்கக் கண்டங்களுக்கு முதலில் வந்தவர்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து வந்த பூர்வகுடிகளின் முன்னோர்கள். 1021-ல் வைக்கிங்குகள் அங்கே இருந்தார்கள். 1492-ல் கொலம்பஸ் வந்து சேர்ந்தார், அதன்பின் இரண்டு உலகங்களும் பிரியாமல் இணைந்தன. ஒரு மார்க்குக்கு இது நீளம்தான், ஆனாலும் உண்மை.

★ நீங்களும் செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் நடந்த ஒரு பழைய சம்பவத்தை, பெரிய வெள்ளமோ திருவிழாவோ, மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவராவது பாட்டியாக இருக்கட்டும்.
2. மூன்று பேர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று எழுதுங்கள்.
3. யாரைக் கேட்க விட்டுப்போச்சு என்று கடைசியில் எழுதுங்கள்.

எழுதியதை வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். அடுத்த மாதம் இதே சுவரில் ஒட்டுவோம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்."



– ஒன்பதாம் வகுப்பு மாணவி