எந்தப் பிராசசர் நமக்கு ஏற்றது?

மிங்கலா தாங்ஞுன்டில் உள்ள உங்கள் வீட்டில் ஒரு கணினி வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கணினிக்குத்தான் பணம் இருக்கிறது. தம்பி அதில் கேம் விளையாட வேண்டும். அக்கா அதில் கார்ட்டூன் படம் செய்ய வேண்டும். கடைக்காரர், "எந்தப் பிராசசர் போடட்டும்?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"பெரிய நம்பரா இருக்கிறதைப் போடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நம் வேலை என்ன என்று முதலில் தெரிய வேண்டும். பிறகுதான் பிராசசர்.

பிராசசர் என்ன செய்கிறது?

கணினியில் நடக்கும் கணக்குகளைப் போடுவது பிராசசர். நம் தெருமுனை டீக்கடையை நினைத்துப் பாருங்கள்.

டீ போடுபவர்கள் எத்தனை பேர்? அதுதான் கோர். 6 கோர் என்றால் 6 பேர்.

ஒருவரின் கை எவ்வளவு வேகம்? அதுதான் கிளாக் வேகம். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 400 கோடி துடிப்பு.

பாலும் சர்க்கரையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? அந்த இடம்தான் கேஷ். அது சிறியதாக இருந்தால், அடிக்கடி பின்கட்டுக்கு ஓட வேண்டும். நேரம் வீணாகும்.

உரையாடல்

தம்பி: அக்கா, 16 கோர் இருக்கிறதையே வாங்கலாமே! கேம் பறக்கும்ல?

அக்கா: பறக்காதுடா. கேம்ல ஒரு கணக்கு முடிஞ்சாத்தான் அடுத்த கணக்கு. பந்தை உதைச்ச பிறகுதானே கோலா இல்லையான்னு பார்க்க முடியும்? ஆறு பேர் வேலை செய்வாங்க. மீதி பத்துப் பேர் சும்மா நிப்பாங்க.

தம்பி: அப்ப உன் படத்துக்கு?

அக்கா: அது வேற மாதிரி. ஒரு நொடிக்கு 24 படம். 10 நொடிக்கு 240 படம். ஒரு படத்துக்கு 2 நிமிஷம்னா மொத்தம் எவ்வளவு?

தம்பி: 480 நிமிஷம். அம்மாடி, 8 மணி நேரமா!

அக்கா: ஆமா. ஆனா ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டா எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கலாம். கோர் ரெண்டு மடங்கா இருந்தா, நேரம் கிட்டத்தட்ட பாதியா குறையும்.

அம்மா: ரெண்டு பேரும் கரன்ட்டை மறந்துட்டீங்களே! நடுவுல கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க?

இரண்டு பிராசசர்கள்

அக்கா சொன்னதை உண்மையான பிராசசர்களில் பார்ப்போம். ஏ.எம்.டி. நிறுவனம் 2020-இல் ரைசன் 9 5950எக்ஸ் என்ற பிராசசரை வெளியிட்டது. அதில் 16 கோர். 2022-இல் அதே நிறுவனம் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை வெளியிட்டது. அதில் 8 கோர்தான். ஆனால் கேஷ் அதிகம்: 96 மெகாபைட். முதலாவதில் 64 மெகாபைட்.

பல கேம்களில் 8 கோர் உள்ள 5800எக்ஸ்3டி முந்துகிறது. கார்ட்டூன் படம் உருவாக்குவதில் 16 கோர் உள்ள 5950எக்ஸ் முந்துகிறது. அப்படியானால் எது நல்லது? வேலையைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

அம்மாவின் கேள்வி

யாங்கோனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. அதனால் அம்மாவின் கேள்வி பெரிய கேள்வி. வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1,200 வாட்-மணி. கேம் ஓடும்போது கணினி முழுவதும் 300 வாட் எடுத்தால், கணக்குப்படி 4 மணி நேரம் வரும். உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்த பேட்டரியில்தான் வீட்டு விளக்கும் மின்விசிறியும் ஓட வேண்டும்.

எனவே பெட்டியின் மேல் உள்ள வாட் எண்ணையும் பாருங்கள். மேலே சொன்ன இரண்டுக்கும் 105 வாட். ரைசன் 7 5700எக்ஸ்-க்கு 65 வாட். அதிலும் 8 கோர் உண்டு. அக்கா, தம்பி இருவரும் பகிரும் வீட்டுக்கு இது நல்ல நடுவழி.

அக்காவுக்கு இன்னொரு யோசனை. பிளெண்டர் போன்ற மென்பொருளில் ஒரே வீடியோவாகச் சேமிக்காமல், தனித்தனிப் படங்களாகச் சேமிக்கலாம். 150 படம் முடிந்தபோது கரன்ட் போனாலும் அந்த 150 படம் பத்திரமாக இருக்கும். கரன்ட் வந்ததும் 151-இல் தொடங்கலாம்.

கடைக்குப் போகும் முன்

1. எல்லாப் பணத்தையும் பிராசசரிலேயே போடாதீர்கள். கேம் படம் தெளிவாக ஓடப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். படம் உருவாக்கும் வேலையையும் அது வேகமாக்கும்.
2. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லையா? ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 12400எஃப் அப்படிப்பட்டது.
3. பிராசசரும் மதர்போர்டும் பொருந்த வேண்டும். ரைசன் 5700எக்ஸ் ஏ.எம்.4 போர்டில் உட்காரும். ஏ.எம்.5 போர்டில் உட்காராது.

தெரிந்துகொள்வோம்

சென்னையில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸில் 'சக்தி' என்ற பிராசசரை வடிவமைத்திருக்கிறார்கள். 2018-இல் அதன் சிப்பில் லினக்ஸை ஓட்டிக் காட்டினார்கள். அது கேம் விளையாடுவதற்காகச் செய்தது அல்ல. சிறு கருவிகளுக்குள் இருந்து வேலை செய்வது அதன் முக்கியப் பயன்களில் ஒன்று. ஒவ்வொரு பிராசசருக்கும் அதனதன் வேலை உண்டு.

சொல் அறிவோம்

பிராசசரைத் தமிழில் 'செயலி' என்கிறோம். கைப்பேசியில் உள்ள ஆப்பையும் 'செயலி' என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, பிராசசரை 'நுண்செயலி' என்று எழுதலாம்.

பேச்சும் எழுத்தும்

முடிஞ்சாத்தான் – முடிந்தால்தான்
நிப்பாங்க – நிற்பார்கள்
மறந்துட்டீங்களே – மறந்துவிட்டீர்களே
ரெண்டு – இரண்டு

பயிற்சி

1. கேஷ் என்றால் என்ன? டீக்கடையை வைத்து உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.
2. கேமில் பத்துப் பேர் ஏன் சும்மா நிற்பார்கள்?
3. ஒரு கணினி 200 வாட் எடுக்கிறது. 1,200 வாட்-மணி பேட்டரியில் கணக்குப்படி எத்தனை மணி நேரம் ஓடும்?
4. அம்மா கேட்ட கேள்வியை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
5. உங்கள் வீட்டில் யார் யாருக்குக் கணினி எதற்குத் தேவை? ஒவ்வொருவரிடமும் தமிழில் கேட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்கு எது ஏற்றது என்று ஐந்து வரியில் காரணத்தோடு சொல்லுங்கள்.