நாடுகளை அறிவோம்: மாலத்தீவு

உலக வரைபடத்தை விரித்து மாலத்தீவு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சற்றுத் தேடத்தான் வேண்டியிருக்கும். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் வடக்கிலிருந்து தெற்காகச் சிதறிக் கிடக்கும் சிறு புள்ளிகள்தான் அந்த நாடு. சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,200 கி.மீ. டெல்லியைவிட அது நமக்குப் பக்கம். அந்த நாட்டின் நிலத்தையும் மக்களையும் பற்றி இம்மாதம் படிப்போம். அவர்கள் குடிநீருக்குப் பட்ட பாட்டில் சைதாப்பேட்டையில் இருக்கும் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

நிலம்

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றில் ஊர் என்று மக்கள் குடியிருப்பவை இருநூறுக்குள்தான். வடகோடியிலிருந்து தென்கோடி வரை 800 கி.மீ.க்கு மேல் நீளம்; அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்தைவிட அதிகம். பூமத்திய ரேகை இந்த நாட்டின் தென்பகுதியைக் கடந்து செல்கிறது. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் சேர்த்தால் சுமார் 300 சதுர கி.மீ.தான் வரும். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பே 426 சதுர கி.மீ. மற்றதெல்லாம் கடல்.

இவை பவளத் தீவுகள். முற்காலத்தில் கடலுக்கடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் ஓரத்தில் பவளப் பூச்சிகள் சுண்ணாம்புக் கூடு கட்டி வளர்ந்தன. காலப்போக்கில் எரிமலைகள் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து, வளையம் வளையமாக நின்றது. அந்த வளையங்களின்மேல் அலைகள் குவித்த பவள மணல்தான் இன்றைய தீவுகள். இப்படிப்பட்ட வளையத்தை ஆங்கிலத்தில் 'அடால்' என்பார்கள். அந்தச் சொல்லே மாலத்தீவு மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான்.

மலை இல்லை, ஆறு இல்லை. பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவு.

மழைக்காலமும் நமக்கு மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல்தான் அவர்களுக்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்று, தை மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு வறண்ட மாதங்களைத் தருகிறது.

மக்கள்

2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். இந்தியாவிலிருந்து போன ஆசிரியர்களும் செவிலியர்களும் அதில் அடக்கம். நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகரான மாலேயிலும் அதை அடுத்த பகுதிகளிலும் நெருக்கமாக வாழ்கிறார்கள்.

மொழி திவேஹி. அது சிங்களத்துக்கு உறவான மொழி. ஆனால் எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். 'தானா' எனப்படும் அந்த எழுத்துகளில் முதல் ஒன்பதும் அரபு எண்களிலிருந்து உருவானவை. பௌத்தம் நிலவிய அந்த நாட்டில் 1153ஆம் ஆண்டில் மன்னர் இஸ்லாத்தை ஏற்றார், மக்களும் தொடர்ந்தனர். 1658இல் கட்டப்பட்ட மாலேயின் பழைய ஜும்ஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. செங்கல் கிடைக்காத ஊர் என்பதால் பவளக் கல்லை அறுத்து, செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள்.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரை அந்த நாட்டின் காஜியாக நியமித்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. தெருக்கள் பெருக்கிச் சுத்தமாக இருந்ததையும், வீட்டு வாசலில் வைத்திருக்கும் தண்ணீரில் கால் கழுவிய பிறகே எவரும் உள்ளே நுழைவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே பணமாகப் புழங்கிய சோழியைப் பின்னாளில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலும் பணமாகக் கண்டார். பல்லாங்குழிப் பலகையில் நாம் போட்டு விளையாடும் அதே சோழிதான்! மாலத்தீவை விட்டுக் கிளம்பிய அவர், இலங்கை வழியாக மதுரை சுல்தானின் ஆட்சியில் இருந்த நம் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. ராஜராஜ சோழன் வென்றதாகக் கல்வெட்டு கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் மாலத்தீவுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்துச் சமையலறைகளில் இருக்கும் மாசி, மாலத்தீவார் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்லைப்போல் காயவைத்து உருவாக்கிய பண்டம். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போவது நெடுங்கால வழக்கம். கொரோனா ஊரடங்கில், 2020 ஜூன் மாதம், அங்கே தவித்த இந்தியர்கள் சுமார் 700 பேரை நம் கடற்படைக் கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.

குடிநீர்

ஆறு இல்லாத ஊரில் இத்தனை நூற்றாண்டு மக்கள் எதைக் குடித்தார்கள்? மழைநீரையும் கிணற்று நீரையும்தான்.

நாலாபக்கமும் கடல் இருக்க, கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர்? மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. கீழே கடல்நீர் ஊறி நிற்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் லேசானது. எனவே மழைநீர் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். கையால் மொண்டு எடுத்த காலத்தில் இந்தப் படலம் கெடவில்லை. மழை மறுபடி நிரப்பிவிடும்.

மாலேயில் கூட்டம் பெருகியதும் கணக்கு மாறியது. மழை தருவதைவிட அதிகமாக இறைத்தார்கள். கழிவுநீரும் மணலில் இறங்கியது. 1978இல் காலரா பரவிப் பல உயிர்கள் போயின. கிணறுகள் குடிக்க உதவாமல் போக, 1980களின் இறுதியிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தொடங்கினார்கள். 2014 டிசம்பர் 4 அன்று அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரே நாளில் சுமார் ஒரு லட்சம் பேருக்குத் தண்ணீர் நின்றது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

2004 சுனாமியில் கடல் தீவுகளின்மேல் ஏறிப் பல ஊர்களின் கிணறுகளை உப்பாக்கியது. இப்போது கடல் மட்டமே மெல்ல உயர்ந்து வருகிறது. 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் தம் அமைச்சர்களுடன் கடலுக்கடியில் கூட்டம் நடத்தி உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தார். மாலேவுக்குப் பக்கத்தில் கடலை மணலால் நிரப்பி, சற்று உயரமாக, ஹுல்ஹுமாலே என்ற புதிய தீவையே உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் நிலம் கடலுக்குள் மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே அடியில் இருக்கும் குடிநீர் போய்விடும் என்பதே அந்த நாட்டின் பெரிய கவலை.

சைதாப்பேட்டைக்கு என்ன பாடம்?

அடையாறு நம் பகுதியைத் தொட்டுக்கொண்டு சென்று சில கி.மீ. தூரத்தில் கடலில் கலக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு உள்ளே வரும் என்ற விதி மாலத்தீவுக்கு மட்டுமல்ல, கடலோர ஊர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து வீடுகளில் விசாரித்தால் தெரியும். 2014இல் மாலேவுக்கு விமானத்தில் தண்ணீர் போனது. 2019இல் ஏரிகள் வறண்டபோது சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாமும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நமக்குக் கீழே இன்னும் ஆழமான மண் இருக்கிறது. மழைநீரை அது ஏற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை சில:

• மாடியைப் பெருக்கி, மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள்.
• குழியில் போட்ட ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். வாடகை வீடானால் குடியிருப்போர் கூடிப் பேசி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.
• சாக்கடை நீர் அந்தக் குழிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• பள்ளிவாசலில் ஒளு செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் தண்ணீரை வீணாக்கலாகாது என்பது நாம் அறிந்த நபிமொழி.

பிள்ளைகளிடம் கேட்க

1. மாலத்தீவின் மொத்த நிலம் பெரிதா, சென்னை மாநகராட்சி பெரிதா?
2. எரிமலை அமிழ்ந்த பிறகும் பவள வளையம் எப்படி நின்றது?
3. நல்ல நீர் ஏன் உப்புநீரின்மேல் மிதக்கிறது? ஒரு குவளையில் உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் சாயம் கலந்த நல்ல நீரைக் கரண்டியின் மேல் மெதுவாக வழியவிட்டுப் பாருங்கள்.
4. நம் வீட்டு மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது?

நான்காவது கேள்விக்குப் பெரியவர்களும் விடை தேட வேண்டியிருந்தால், இன்றே பிள்ளைகளோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிடுங்கள்.